பூட்டிய கடிதமும் திறந்த மென்பொருளும் – ஒரு மதிப்பீடு

தபாலில் கடிதம் அனுப்பும்போது நாம் இரண்டு வழிகளைக் கையாள்கிறோம். நலம் விசாரிக்க அஞ்சலட்டை போதும். ஆனால் வீட்டுக் கணக்கையோ, வரன் பற்றிய செய்தியையோ, மருத்துவர் கொடுத்த அறிக்கையையோ அட்டையில் எழுதி அனுப்புவோமா? மாட்டோம். உறையிலிட்டு ஒட்டிய பின்னரே பெட்டியில் போடுவோம். மின்னஞ்சலில் மட்டும் நம்மில் பெரும்பாலோர் எல்லாவற்றையும் அட்டையிலேயே எழுதி வருகிறோம் என்றால் வியப்பாக இருக்கிறதா?

கணிப்பொறிகளுக்கிடையே முதல் மின்னஞ்சலை அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971-ஆம் ஆண்டில் அனுப்பினார். அஞ்சலைக் கொண்டு சேர்ப்பதற்கான எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. கடிதம் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே அவ்விதிமுறையின் நோக்கம். வழியில் எவரும் படிக்கக் கூடாது என்பது அன்று எவருடைய கவலையாகவும் இருக்கவில்லை. இன்று ஒரு வழங்கியிலிருந்து, அதாவது சர்வரிலிருந்து, அடுத்த வழங்கிக்குச் செல்லும் பாதையில் பெரும்பாலும் பூட்டு உண்டு. ஆனால் இது தபால் மூட்டைக்குப் போடும் பூட்டு. அஞ்சலகத்தில் மூட்டையைப் பிரித்ததும் அட்டை பழையபடி அட்டைதான்.

எழுதியவர் பூட்டி, பெறுபவர் மட்டுமே திறக்கும் முறைக்கு முனைக்கு முனை மறையாக்கம் என்று பெயர். இதனை வழங்கும் அஞ்சல் நிறுவனங்கள் சில தோன்றியுள்ளன. அவற்றை நம் கணிப்பொறியிலுள்ள திறந்த மூல அஞ்சல் மென்பொருளோடு இணைக்க முடியுமா? முடியுமெனில் அந்த இணைப்பு எத்தகையது? இவற்றை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு நன்மைகள், ஒரு கேள்வி

மின்னஞ்சலை இணைய உலாவியில் படிப்பது ஒரு முறை. நம் கணிப்பொறியிலேயே ஒரு மென்பொருளை நிறுவி, கடிதங்களை அதற்குள் வரவழைத்துப் படிப்பது மற்றொரு முறை. இரண்டாம் வகையில் பெயர் பெற்றது தண்டர்பேர்டு. இதன் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே எவல்யூஷன், கே-மெயில் ஆகியவையும் வழக்கில் உள்ளன. இவற்றின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்; குறை கண்டால் திருத்தலாம்.

இம்மென்பொருள்களால் நமக்கு என்ன பயன்? கல்லூரி அஞ்சல், அலுவலக அஞ்சல், சொந்த அஞ்சல் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் காணலாம். இணையத் தொடர்பு அறுந்தாலும் பழைய கடிதங்களைப் படிக்கலாம். எல்லாவற்றினும் முக்கியமானது, அஞ்சல் நிறுவனம் நாளை மூடப்பட்டாலும் நம் கடிதங்கள் நம் வட்டில் இருக்கும்.

ஒரே மென்பொருள் எப்படிப் பல நிறுவனங்களோடு பேசுகிறது? பொது மொழிகள் இருப்பதால்தான். அஞ்சலகத்திலிருந்து கடிதத்தைக் கேட்டுப் பெறும் ஐமேப் என்னும் மொழியை 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தார். நாள்காட்டிக்கு ஐகேலண்டர் என்னும் எழுத்து வடிவம் 1998-இலும், அதனை வழங்கியோடு பரிமாறிக்கொள்ளும் கால்டேவ் என்னும் முறை 2007-இலும் வந்தன. இவற்றை அறிந்த எந்த மென்பொருளும் இவற்றை அறிந்த எந்த வழங்கியோடும் பேசலாம்.

ஆக, பூட்டு ஒரு நன்மை. பொது மொழி மற்றொரு நன்மை. இவ்விரண்டும் ஒரே வீட்டில் வாழுமா என்பதுதான் கேள்வி.

பழைய வழி

பூட்டும் கலை புதிதன்று. 1991-இல் பில் சிம்மர்மேன் என்னும் அமெரிக்கர் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை வெளியிட்டார். இதன் தத்துவம் எளியது. அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஊரெங்கும் கொடுத்து வைக்கிறீர்கள். சாவி மட்டும் உங்கள் மடியில். எவரும் உங்களுக்கான பெட்டியைப் பூட்டி அனுப்பலாம். திறக்க உங்களால் மட்டுமே முடியும். ஊரெங்கும் கொடுத்த பூட்டு பொதுத் திறவுகோல். மடியிலுள்ளது தனித் திறவுகோல்.

தத்துவம் எளிது, பழக்கம் எளிதாயிற்றா? 1999-இல் ஆல்மா விட்டன், டக் டைகர் என்னும் இரு ஆய்வாளர்கள் 12 பேரை அமர்த்தி, பி.ஜி.பி. 5.0-ஐக் கொண்டு ஒரு கடிதத்தைப் பூட்டிக் கையொப்பமிட்டு அனுப்பச் சொன்னார்கள். 90 நிமிடங்கள் கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கினரே சரியாகச் செய்தனர். மூவர் இரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டனர்! இதில் பிழை அந்த மனிதர்களுடையதன்று, கருவியுடையது.

பின்னர் எனிக்மெயில் என்னும் துணைக்கருவி தண்டர்பேர்டோடு இவ்வசதியைச் சேர்த்தது. 2020-இல் வெளிவந்த தண்டர்பேர்டு 78-ஆம் பதிப்பு முதல் அது மென்பொருளுக்குள்ளேயே இடம் பெற்றது. இது பெரிய முன்னேற்றம். ஆயினும் திறவுகோலை உருவாக்குவதும் காப்பதும் புதிய கணிப்பொறிக்கு மாற்றுவதும் இன்னும் பயனாளர் தலையில்தான். அதோடு இவ்வழி கடிதத்தைப் பூட்டுமே தவிர நாள்காட்டியைத் தொடாது.

புதிய வழியும் புதிய சிக்கலும்

2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட செய்திகள், அரசுகள் எவ்வளவு பரந்த அளவில் மின்தொடர்புகளைத் திரட்டுகின்றன என்பதை உலகுக்குக் காட்டின. அதற்கு மறு ஆண்டே, ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த இளம் விஞ்ஞானிகள் புரோட்டான் மெயில் என்னும் சேவையைத் தொடங்கினர். இங்கே திறவுகோலை உருவாக்கும் தொல்லை பயனாளருக்கு இல்லை. அவர் கணக்குத் தொடங்கும்போது அவருடைய கருவியிலேயே அது உருவாகிறது. அவருடைய கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட பின்னரே வழங்கிக்குச் செல்கிறது. நிறுவனத்திடம் இருப்பவை பூட்டிய கடிதமும் பூட்டிய சாவியுமே.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதாரண அஞ்சல் கணக்கிலிருந்து ஒருவர் புரோட்டான் கணக்குக்கு எழுதும் கடிதம் திறந்தபடியே வந்து சேர்கிறது. சேர்ந்த பிறகே பூட்டப்படுகிறது. கடிதத்தின் தலைப்பு வரியும், யார் யாருக்கு எழுதினார் என்ற விவரமும் முனைக்கு முனை பூட்டில் அடங்குவதில்லை. 2021-இல் சுவிஸ் அரசின் ஆணைப்படி, பிரான்சைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் பயன்படுத்திய இணைய முகவரி எண்ணைப் பதிவு செய்து அந்நிறுவனம் கொடுக்க நேர்ந்தது. கடிதங்களின் உள்ளடக்கம் வெளியாகவில்லை. உறைக்குள் இருப்பது வேறு, உறைமேல் இருப்பது வேறு என்பதற்கு இது நல்ல பாடம்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஐமேப் என்னும் பொது மொழி, வழங்கிக்குக் கடிதத்தைப் படிக்கத் தெரியும் என்ற எண்ணத்தில் பிறந்தது. ‘தேர்வுக் கட்டணம் என்ற சொல் உள்ள கடிதங்களைத் தேடு’ என்று மென்பொருள் கேட்கும். வழங்கி தேடிக் கொடுக்கும். பூட்டிய பெட்டிகளை மட்டுமே வைத்திருக்கும் வழங்கி இதற்கு என்ன செய்யும்? தண்டர்பேர்டுக்கோ புரோட்டானின் சாவியைப் பெறும் வழி தெரியாது. ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் ஊமையாகிவிடுகின்றனர்.

வீட்டிற்குள் ஒரு துபாஷி

இதற்குப் புரோட்டான் கண்ட தீர்வு பிரிட்ஜ், அதாவது பாலம், என்னும் சிறு மென்பொருள். விண்டோஸ், மேக் கணிப்பொறிகளுக்கு 2017 டிசம்பரிலும், பின்னர் லினக்ஸுக்கும் இது வந்தது. 2020 ஏப்ரலில் இதன் மூல நிரலும் வெளியிடப்பட்டது.

இது செய்யும் வேலை சுவையானது. உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே அமர்ந்துகொண்டு, தன்னை ஓர் ஐமேப் வழங்கி என்று தண்டர்பேர்டிடம் சொல்லிக்கொள்கிறது. இதன் முகவரி 127.0.0.1. இது எந்தக் கணிப்பொறியிலும் ‘நானே’ என்று பொருள்படும் எண். கடிதம் பெறுவதற்கு 1143, அனுப்புவதற்கு 1025 என்னும் வாயில்களை இயல்பாகத் திறந்து வைக்கிறது. ஜெனிவாவிலிருந்து பூட்டிய பெட்டி வீட்டிற்குள் வந்த பிறகு பாலம் அதனைத் திறந்து தண்டர்பேர்டிடம் கொடுக்கிறது. நீங்கள் எழுதும் கடிதத்தையும் வாசலைத் தாண்டுமுன்னரே, பூட்ட வேண்டியதாயின் பூட்டி அனுப்புகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நம்மவர்க்கும் இடையே நின்று பேசிய துபாஷிகளை நீங்கள் வரலாற்றில் படித்திருப்பீர்கள். பாலமும் ஒரு துபாஷியே. வேறுபாடு என்னவெனில், இந்தத் துபாஷி உங்கள் வீட்டிற்குள் இருக்கிறான்; அவன் பேசுவதை எல்லாம் நிரல் வடிவில் நீங்கள் சோதித்தும் பார்க்கலாம்.

தண்டர்பேர்டில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் இவ்வளவும் நடைபெறுகிறது. நாளை வேறொரு அஞ்சல் மென்பொருள் வந்தாலும், ஐமேப் அறிந்திருந்தால் போதும். பூட்டைத் தளர்த்தாமலேயே பொது மொழிக்கு இடமளித்த இவ்வமைப்பு பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை.

பாலத்தின் குறைகள்

எனினும், பாராட்டோடு நிறுத்திவிட்டால் அது மதிப்பீடாகாது.

முதற்குறை, பாலத்தில் சுங்கம் உண்டு. புரோட்டானில் இலவசக் கணக்கு உண்டு. தண்டர்பேர்டு முற்றிலும் இலவசம். இரண்டையும் இணைக்கும் பாலமோ பணம் செலுத்துவோர்க்கு மட்டுமே. விளம்பரம் இல்லாத நிறுவனத்திற்கு வருவாய் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் தன் கடிதங்களைத் தான் விரும்பும் மென்பொருளில் படிப்பது ஆடம்பர வசதியா, அடிப்படை உரிமையா என்று கேட்கத் தோன்றுகிறது. கூடுதல் இடத்திற்கும் கூடுதல் முகவரிக்கும் கட்டணம் வாங்கலாம். வாசலுக்கு வாங்குவது அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை.

இரண்டாவது, எச்சரிக்கையைத் தள்ளும் பழக்கம். தண்டர்பேர்டு பாலத்தை முதன்முதலில் தொடும்போது ‘இதன் சான்றிதழை நான் அறியேன்’ என்று எச்சரிக்கும். பாலம் தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொண்டிருப்பதே காரணம். ‘விலக்கு அளி’ என்னும் பொத்தானை அழுத்த வேண்டும். மறுமுனை நம் கணிப்பொறியே ஆதலால் இங்கே தீங்கில்லை. ஆனால் ‘எச்சரிக்கையைப் படிக்காமல் தள்ளாதே’ என்று நாம் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். பாதுகாப்புக்காக வந்த கருவியே அதற்கு மாறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாமா?

மூன்றாவது, வட்டில் கிடக்கும் தெளிவுரை. இதுவே மிகவும் கவலைக்குரியது. பாலம் திறந்து கொடுத்த கடிதத்தைத் தண்டர்பேர்டு இயல்பாக எவரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாகவே வட்டில் சேமிக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தூரம் பூட்டிக் கொண்டுவந்த கடிதம் கடைசியில் மேசைமேல் திறந்து கிடக்கிறது! மடிக்கணிப்பொறி களவு போனால் எல்லாம் போயிற்று. வட்டு முழுவதையும் பூட்டுவதே இதற்கு மாற்று. லினக்ஸில் லக்ஸ், விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் என்னும் வசதிகள் இதற்கென்றே உள்ளன. பாலத்தை நிறுவும் முன்னரே சொல்ல வேண்டிய செய்தி இது.

நான்காவது, இரட்டைப் பதிவு. புரோட்டானில் ஒரு கடிதத்திற்குப் பல அடையாளச் சீட்டுகள் ஒட்டலாம். ஐமேப் மொழியில் அடையாளச் சீட்டு இல்லை, உறைப்பிரிவுகளே உண்டு. ஆகவே ஒரே கடிதம் வருகைப் பெட்டியில் ஒருமுறையும், ஒவ்வொரு சீட்டின் கீழும் ஒருமுறையும், ‘எல்லா அஞ்சலும்’ என்ற பிரிவில் ஒருமுறையும் தோன்றும். கவனிக்காவிட்டால் வட்டில் இடம் வீணாகும். பெரிய குறையன்று, ஆனால் மொழிபெயர்ப்பில் எப்போதும் ஏதேனும் இழப்பு உண்டு என்பதை நினைவூட்டுகிறது.

நாள்காட்டி: பாலம் இல்லாத ஆறு

மேற்கூறிய குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நாள்காட்டிக்கு வரும்போது பாலமே இல்லை. புரோட்டானிடம் பூட்டிய நாள்காட்டி உண்டு. தண்டர்பேர்டிலும் நாள்காட்டி உண்டு. 2015 முதல் அது மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஆயினும் பிரிட்ஜ் அஞ்சலை மட்டுமே கடத்துகிறது, கால்டேவ் பேசுவதில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை 10 மணி. நீங்கள் தண்டர்பேர்டில் அதனைத் திறந்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துகிறீர்கள். அது தண்டர்பேர்டின் சொந்த நாள்காட்டியில் ஏறுகிறது. உங்கள் கைப்பேசியிலுள்ள புரோட்டான் நாள்காட்டிக்கோ இச்செய்தி தெரியாது. திங்கட்கிழமை வெளியூரிலிருந்து கைப்பேசியைப் பார்க்கிறீர்கள். செவ்வாய் காலியாக இருக்கிறது. பிறகு நடப்பதைச் சொல்லவும் வேண்டுமா? இரண்டு நாள்காட்டிகள் வைத்திருப்பவனுக்கு ஒரு நாள்காட்டியும் இல்லை.

நாள்காட்டியைப் பூட்டுவது கடிதத்தைப் பூட்டுவதினும் கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதம் எழுதியபின் மாறாது. நிகழ்ச்சியோ மாறும், வாரந்தோறும் திரும்ப வரும், பலருக்குப் பொதுவாகும், குறித்த நேரத்தில் நினைவூட்டவும் வேண்டும். இதனால் புரோட்டான் நிகழ்ச்சியின் பெயர், இடம், விளக்கம், பங்கேற்போர் ஆகியவற்றைப் பூட்டுகிறது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், திரும்ப வரும் முறை ஆகியவற்றை வழங்கி அறியும்படி விட்டிருக்கிறது. இது சிறிய விட்டுக்கொடுப்பா? செவ்வாய்தோறும் மாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம் என்று ஆறு மாதம் தொடர்ந்து குறிப்பு இருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் அது தொடர் சிகிச்சையோ, தனி வகுப்போ என்று ஊகிக்க முடியுமன்றோ?

புரோட்டான் நாள்காட்டியை ஓர் இணைப்பு முகவரி மூலம் தண்டர்பேர்டில் பார்க்க வழி உண்டு. ஆனால் பார்க்கலாமே தவிர எழுத முடியாது. மேலும் தண்டர்பேர்டுக்குப் புரோட்டானின் பூட்டைத் திறக்கத் தெரியாது. ஆகவே திறக்கும் சொல்லையும் அம்முகவரியிலேயே சேர்த்துக் கொடுத்து, கேட்கும்போது வழங்கியே திறந்து தர வேண்டியதாகிறது. சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது இது.

பாலமே வேண்டாம் என்போர்

ஜெர்மனியின் ஹானோவர் நகரில் 2011-இல் தோன்றிய டூட்டனோட்டா, 2023-இல் டூட்டா என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. இதன் கொள்கை வேறு. கடிதத்தின் தலைப்பு வரியையும் பூட்டுகிறது; நாள்காட்டி முழுவதையும், நினைவூட்டலையும்கூடப் பூட்டுகிறது. மணி அடிக்கும் வேலையை உங்கள் கருவியே செய்கிறது. புரோட்டான் விட்டுக்கொடுத்த இடத்தில் இது விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இதற்கு ஐமேப் இல்லை, பாலமும் இல்லை. இதன் சொந்த மென்பொருளில்தான் படிக்க வேண்டும். அதன் மூல நிரல் திறந்தது என்பது உண்மை.

இவர்கள் சொல்லும் காரணம் இதுதான். எங்கள் பூட்டு எவ்வளவு உறுதியாயினும், திறந்த கடிதத்தை அயல் மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் அதன்பின் எங்களுக்குப் பொறுப்பேற்க இயலாது என்கின்றனர். இதனை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 2018 மே மாதத்தில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய ஈ-ஃபெயில் என்னும் தாக்குதலை எண்ணிப் பாருங்கள். பூட்டு உடையவில்லை. ஆனால் கடிதத்திற்குள் படத்தைக் காட்டும் நிரல் வரியைத் தந்திரமாகச் சேர்த்து, திறந்த உரையை அஞ்சல் மென்பொருளே எதிரியின் வழங்கிக்கு அனுப்பும்படி செய்தனர். தண்டர்பேர்டும் அன்று தப்பவில்லை, பின்னரே திருத்தப்பட்டது.

இருந்தும் இவ்வாதம் பாதி உண்மையே. ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளில்தான் படிக்க வேண்டும் என்றால், மூன்று கணக்கு உள்ளவர் மூன்று மென்பொருள் வைத்திருக்க வேண்டும். புரோட்டானும் 2024-இல் தனக்கென ஒரு மேசைக் கணிப்பொறிச் செயலியை வெளியிட்டது. அதில் அஞ்சலும் நாள்காட்டியும் சேர்ந்தே உள்ளன. போக்கு எங்கே செல்கிறது என்பது தெரிகிறதல்லவா? தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு தபால்காரர் என்றாகிவிட்டால், அஞ்சல் துறை என்ற பொதுத் துறைக்கு இடமேது?

செய்ய முடியாததா?

பூட்டிய நாள்காட்டிக்குப் பாலம் அமைப்பது இயலாத காரியமா? இல்லை என்பதற்குச் சான்று உண்டு. 2017-இல் தோன்றிய எட்டிசிங்க் என்னும் திறந்த மூலத் திட்டம், நாள்காட்டியையும் முகவரிக் குறிப்பையும் முனைக்கு முனை பூட்டியது. அதோடு, பயனாளரின் கணிப்பொறியில் அமர்ந்து கால்டேவ் மொழி பேசும் ஒரு சிறு பாலத்தையும் கொடுத்தது. தண்டர்பேர்டு அதன்வழி நிகழ்ச்சிகளைப் படிக்கவும் முடிந்தது, எழுதவும் முடிந்தது. 2020-இல் எவல்யூஷனும் கே.டி.இ. மென்பொருள்களும் நேரடியாகவே இதனை ஏற்றன. சிறு குழு ஒன்று செய்து காட்டியதைப் பெரு நிறுவனம் செய்யவில்லை என்றால், அது அறிவியலின் எல்லையன்று, முன்னுரிமையின் எல்லை.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில் உங்கள் கணிப்பொறியின் வட்டைப் பூட்டுங்கள். மற்றவை எல்லாம் அதன் பிறகே. பணம் செலவிடாமல் பூட்டிய கடிதம் எழுத விரும்பினால், தண்டர்பேர்டில் உள்ள மறையாக்க வசதியைக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் முறையும் புரோட்டானின் முறையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலால் இரண்டுக்கும் இடையே பூட்டிய கடிதம் செல்லும். தனித் திறவுகோலின் நகல் ஒன்றை வேறிடத்தில் காப்பது இன்றியமையாதது. அது தொலைந்தால் கடிதமும் தொலைந்தது. பாலத்தைப் பயன்படுத்துவோர் நாள்காட்டிக்கு ஒரே இடத்தைத் தேர்ந்து, அழைப்புகளை அங்கு மட்டுமே ஏற்பது நல்லது. படங்களைத் தானாக வரவழைக்கும் வசதியை அஞ்சல் மென்பொருளில் அணைத்தே வையுங்கள்.

முடிவாக, அஞ்சலைப் பொறுத்தவரை பூட்டும் பொது மொழியும் சேர்ந்து வாழ முடியும் என்பதை ‘பாலம்’ மெய்ப்பித்துவிட்டது. அதன் குறைகள் திருத்தக்கூடியவை. நாள்காட்டியைப் பொறுத்தவரை அந்த முயற்சி அரைகுறையாகவே நிற்கிறது. பூட்டின் உறுதியை மட்டும் பார்த்து ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘என் சாவி என்னிடம் உள்ளதா?’ என்று கேட்பதோடு, ‘என் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற வாசல் உள்ளதா?’ என்றும் கேளுங்கள். வாசல் இல்லாத உறுதியான கட்டடத்தை எவரும் வீடு என்று அழைப்பதில்லை.